வரப்பு போட்டவர் யார்?

சென்னைப் புறவழிச்சாலையில் மதுரவாயலைத் தாண்டி நின்ற வண்டி முக்கால் மணி நேரம் நகரவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி. அதன் முதுகில் சிவப்புப் பெயின்டில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் பிளஸ் டூ முடித்தவன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பையைத் துழாவி ஒரு பாடி ஸ்பிரே டப்பாவை எடுத்து நீட்டினான். அதில் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃப்ளேமபிள்’ என்று அச்சிட்டிருந்தது.

“விசிபிள்னா கண்ணுக்குத் தெரியும், இன்விசிபிள்னா தெரியாது. அப்படின்னா மாமா, இந்த லாரியில இருக்கிறது தீப்பிடிக்காத பெட்ரோலா?”

இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்றேன். “அப்புறம் எதுக்கு ரெண்டு சொல்லு?” என்றான். நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. அவனும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. லத்தீனில் ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்று மறுப்பது. இன்னொன்று ‘உள்ளே’ என்று சொல்வது, வினையோடு சேர்ந்தால் அதற்கு வேகம் கூட்டுவது. தீ மூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமாரே’ என்ற லத்தீன் வினையில் இருப்பது இரண்டாவது ‘இன்’. அதிலிருந்து வந்த இன்ஃப்ளேமபிள் 1600களின் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃப்ளேமபிள் அதற்கு இருநூறு ஆண்டுகள் இளையது. பிறந்தபோது அதைச் சீந்துவாரில்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்ல, தீயணைப்போடு தொடர்புடையவர்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில், எங்கள் மருமகனைப் போல யாராவது ‘இன்’னைத் தப்பாகப் படித்துவிடுவார்கள் என்று பயந்து, எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. பிரிட்டனின் தர நிறுவனமும் 1959-இல் அதே வழிக்கு வந்தது. நம் டேங்கர் லாரிகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரத்துத் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பெஞ்சமின் லீ வோர்ஃப். பிற்காலத்தில் மொழியியலில் பெரிய சண்டைக்கெல்லாம் காரணமானவர். பிழைப்புக்குப் பார்த்தது தீவிபத்து ஆய்வு. எந்தத் தொழிற்சாலையில் எதனால் தீப்பிடித்தது என்று அறிக்கை எழுதுவது அவர் வேலை. கம்பி தளர்ந்தது, காற்றோட்டம் இல்லை என்பது போன்ற காரணங்களைத் தேடிப்போன இடத்தில், பல தீவிபத்துகளுக்குச் சொல்லே காரணமாக இருந்ததைக் கண்டார். பெட்ரோல் நிரம்பிய டிரம் பக்கத்தில் எல்லோரும் பயபக்தியோடு நடக்கிறார்கள். ‘எம்ப்டி’ என்று எழுதிய டிரம் பக்கத்தில் பீடி பற்றவைக்காத குறையாக அலட்சியம். உண்மையில் காலி டிரம்மில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி. நிரம்பிய டிரம்மைவிட அதுதான் ஆபத்து. எம்ப்டி என்ற ஒரே சொல் ‘வேண்டியது தீர்ந்துவிட்டது’ என்றும் பொருள்படுகிறது, ‘உள்ளே ஒன்றுமே இல்லை’ என்றும் பொருள்படுகிறது. முதல் பொருளில் எழுதியதை இரண்டாம் பொருளில் படித்தவன் கையில் தீக்குச்சி. 1941-இல் வெளிவந்த கட்டுரையில் இதை எழுதினார். நம் ‘காலி’க்கும் அதே ஆபத்து உண்டு என்பதைக் காலி சிலிண்டரை உருட்டுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீ விஷயத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: கம்பஸ்டிபிள். பேச்சு வழக்கில் அதுவும் எரியக்கூடியதுதான். ஆனால் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் பல பத்தாண்டுகளாக இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைக் கோடாகப் போட்டு வைத்திருந்தன. ஒரு திரவத்தின் ஆவி தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஃப்ளேமபிள். அதற்கு மேலே போனால் கம்பஸ்டிபிள். பெட்ரோல் பூஜ்யத்துக்கு நாற்பது டிகிரி கீழேயே பற்றும் என்பதால் அது முதல் கட்சி. டீசல் ஐம்பதைத் தாண்டியே பற்றும் என்பதால் இரண்டாம் கட்சி. 2012-இல் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிர்வாகம், உலகம் முழுவதும் ஒரே வகைப்பாடு வேண்டும் என்பதற்காகக் கோட்டை 93 டிகிரிக்குத் தள்ளிவைத்தது. டீசலுக்குள் ஓர் அணுவும் மாறவில்லை. கம்பஸ்டிபிளாக இருந்தது ஃப்ளேமபிள் ஆகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும்போது, அந்த வித்தியாசம் சொல்லுக்குள்ளேயே விதைபோல இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. வயலுக்கு நடுவே வரப்பு தானாக முளைப்பதில்லை. யாரோ, ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு காரணத்துக்காக மண்ணை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எந்த வரப்பு நிலைக்கிறது, எது மிதிபட்டுக் கரைகிறது என்று பார்த்தால், அதைத் தாண்டுகிறவனுக்கு என்ன நஷ்டம் என்பதில் முக்கால்வாசி பதில் இருக்கிறது. மீதிக் கால்வாசி கொஞ்சம் மர்மமானது. அதற்கு ஒரு டீக்கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

நஷ்டமே இல்லாத வரப்புக்கு எடுத்துக்காட்டு, நம்மில் பலர் பள்ளியில் பிரம்படியோடு கற்ற ஷல், வில் வேறுபாடு. தன்மைக்கு ஷல் போட்டால் வெறும் எதிர்காலம், வில் போட்டால் உறுதி. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் அப்படியே தலைகீழ். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் இந்த விதியைப் படித்துவிட்டு, ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மனதுக்குள் மூன்று இடத்தையும் கணக்குப் போட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்த விதியை முதலில் எழுதிவைத்தவர் ஒரு கணக்கு வாத்தியார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜான் வாலிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர். எட்டைப் படுக்கப் போட்டு முடிவிலிக்குக் குறியாக்கியவரும் இவரே. 1653-இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். ஏன் லத்தீனில்? ஆங்கிலம் கற்க வரும் வெளிநாட்டாருக்காக எழுதியது அது. உள்ளூர்க்காரன் இருட்டிலும் கால் பழக்கத்தில் நடப்பான். வெளியூர்க்காரனுக்குத்தான் வரப்பைக் காட்ட வேண்டும்.

வெளியூர்க்காரனுக்காகப் போட்ட வரப்பு பிறகு வெளியூர்க்காரனைத் தடுக்கும் வேலியாயிற்று. தண்ணீரில் விழுந்த அயர்லாந்துக்காரன், சில வடிவங்களில் ஸ்காட்லாந்துக்காரன், ‘ஐ வில் ட்ரௌன், நோ ஒன் ஷல் சேவ் மி’ என்று கத்தினானாம். செத்துவிடுவேன், காப்பாற்ற யாருமில்லையே என்பது அவன் நினைத்தது. நான் சாகத்தான் போகிறேன், எவனும் காப்பாற்றக் கூடாது என்பது கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் காதில் விழுந்தது. அவன் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்து நின்று பார்த்தார்களாம். இந்தப் பழைய ஜோக்கில் சிரிப்பதற்கு யார் இருக்கிறார்கள், சாவதற்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் எழுதிய நடைக் கையேட்டில் இந்த இரு சொல்லுக்கு ஏறத்தாழ இருபது பக்கம் ஒதுக்கினார்கள். ஒதுக்கிவிட்டு, தெற்கு இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு இது இயல்பாக வரும், மற்றவர்களுக்குப் படித்தாலும் வருவது கடினம் என்று கையை விரித்தார்கள். அப்படியானால் இருபது பக்கம் யாருக்காக? இன்று இங்கிலாந்திலேயே அந்த வரப்பு இருந்த இடம் தெரியவில்லை. யாரும் மூழ்கிப் போகவும் இல்லை.

லெஸ், ஃபியூவர் கதை இதைவிடச் சின்னது. எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ் என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் எழுத்திலேயே எண்ணக்கூடிய பொருளுக்கு லெஸ்ஸின் மூதாதை வருகிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஃபியூவர் என்றால் நன்றாக இருக்கும் என்று தன் ரசனையாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் ரசனையைச் சட்டமாக்கினார்கள். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் பத்துப் பொருளுக்கு உட்பட்டவர்கள் நிற்கும் வரிசைப் பலகையில் லெஸ் என்று இருந்ததற்காக ஓயாத புகார். 2008-இல் அந்த நிறுவனம் இரண்டு சொல்லையும் தூக்கிவிட்டு, ‘பத்துப் பொருள் வரை’ என்று பொருள்படும்படி பலகையை மாற்றிக்கொண்டது. வரப்புத் தகராறு வந்த நிலத்தை விட்டு வீடே மாறிய கதை.

சொல் வேறுபாடுகளையே தன் பொருளாக எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண். ஹெஸ்டர் பியோஸி. அவருடைய கதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டன் மதுவடிப்பாளர் ஹென்றி த்ரேலின் மனைவி அவர். 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அந்த வீட்டில் பல ஆண்டுகள் ஒரு குடும்பத்து ஆள்போலத் தங்கிச் சாப்பிட்டுப் பேசி வாழ்ந்தார். 1781-இல் த்ரேல் இறந்தார். மூன்று ஆண்டுக்குப் பின், மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த கேப்ரியல் பியோஸி என்ற இத்தாலிய இசைக்கலைஞரை ஹெஸ்டர் மணந்தார். வெளிநாட்டான், கத்தோலிக்கன், பாட்டு வாத்தியார். ஊர் முகம் திருப்பிக்கொண்டது. ஜான்சன் கடுமையாக ஒரு கடிதம் எழுதி உறவை முறித்துக்கொண்டார்; அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்தும் போனார்.

பத்து ஆண்டு கழித்து, 1794-இல், ஹெஸ்டர் ‘பிரிட்டிஷ் சினானிமி’ என்று இரண்டு தொகுதி வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் 1718-இல் அபே ஜிரார் எழுதிய ஒருபொருட்பன்மொழி நூல் அவருக்கு முன்மாதிரி. ஆனால் தூண்டுதல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சாப்பாட்டு மேசையில் கணவர் ஒரு சொல்லைத் தப்பான இடத்தில் போடுகிறார். சுற்றியிருப்பவர்கள் உதட்டோரம் சிரிக்கிறார்கள். அகராதியோ இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்கிறது. முறையாக எழுதக் கற்றுத்தருவது ஆண்கள் வேலையாக இருக்கட்டும், பேச்சில் எந்தச் சொல்லை எடுப்பது என்று வழிகாட்ட நீண்ட பழக்கமுள்ள ஒரு பெண்ணால் முடியும் என்ற தோரணையில் முன்னுரை எழுதினார். அந்தப் பணிவுக்குள் இருக்கும் ஊசி எனக்குப் பிடித்திருக்கிறது. அகராதி எழுதிய மேதை பக்கத்தில் பதினைந்து ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து தேநீர் ஊற்றியவர் அல்லவா. வாலிஸுக்கு வெளிநாட்டு மாணவர்கள். ஹெஸ்டருக்கு வெளிநாட்டுக் கணவர். தாய்மொழியின் வரப்புகள் அயலான் வந்து தடுக்கி விழும்போதுதான் கண்ணில் படுகின்றன.

1852-இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட தெசாரஸ் நேர்எதிர் வழியில் போனது. எழுபதைத் தாண்டிய அந்த மருத்துவர் பதினையாயிரம் சொற்களை ஆயிரம் கருத்துகளின் கீழ் அடுக்கினார். எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வரி எழுதவில்லை. நம் நிகண்டுகளின் வேலையும் இதுவேதான். திவாகரமும் பிங்கலமும் கடலுக்கு என்னென்ன பெயர் என்று அடுக்கும். எந்தக் கடலை எங்கே போடுவது என்பது புலவன் பாடு. இதற்குள் ஓர் உறவும் இருக்கிறது. தன் முறைக்கு முன்னோடியாக ரோஜே குறிப்பிடுவது சமஸ்கிருத நிகண்டான அமரகோசத்தை. கோல்புரூக்கின் பதிப்பு செராம்பூரில் அச்சானதையும் அடிக்குறிப்பில் சொல்கிறார். தெசாரஸைப் பார்த்து, தெரிந்த சொல்லைத் தூக்கிவிட்டுத் தெரியாத சொல்லைப் போடும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியவர்களுக்கு, ஹெஸ்டர் ஏன் தேவைப்பட்டார் என்று விளங்கும்.

வம்சாவளியை வைத்தும் வித்தியாசம் சொல்வார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆள்பவர்கள் பிரெஞ்சு பேசினார்கள், உழுபவர்கள் பழைய ஆங்கிலம் பேசினார்கள். அதனால்தான் தொழுவத்தில் இருக்கும்வரை பிக், தட்டுக்கு வந்ததும் போர்க். மேய்ந்தால் கவ், வெந்தால் பீஃப். வால்டர் ஸ்காட் 1819-இல் எழுதிய ‘ஐவன்ஹோ’ நாவலில் பன்றி மேய்ப்பவனும் கோமாளியும் இதைப் பேசிக்கொள்ள, அன்றுமுதல் எல்லாப் புத்தகத்திலும் இது வரலாறாகிவிட்டது. அழகான கதை, பாதி உண்மை. நார்மானியர் வந்த பிறகும் பல நூற்றாண்டுகள் பீஃபும் மட்டனும் உயிருள்ள மாட்டையும் ஆட்டையும்கூடக் குறித்து வந்தன. படையெடுப்பு இரண்டாவது சொல்லைக் கொண்டுவந்து போட்டது. எது தொழுவத்துக்கு, எது தட்டுக்கு என்று பிரித்தது பிறகு வந்த சமையற்கட்டும் சந்தையும்.

இப்போது டீக்கடை. எங்கள் தெரு முனைக் கடையில் காலையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் “ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்றுதான் கேட்பார்கள். “பவர்ஃபுல்லா ஒரு டீ” என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே ஆள் கண்ணாடிக் கடைக்குப் போனால் ‘பவர்’ என்பார், மோட்டார் கடைக்குப் போனாலும் ‘பவர்’ என்பார். ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் அகராதி தருவது வலிமைதான். டீக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று எந்த இலக்கணமும் விதி எழுதவில்லை. மொழியியலாளர் ஹாலிடே 1966-இல் எடுத்துக்காட்டியதும் இதே டீயும் இதே காரும்தான். கடன் வாங்கும்போது சொல்லோடு அதன் சகவாசத்தையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட, யாரும் போடாத வரப்புகள் கணிப்பொறி வந்தபிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணிப்பொறியில் ஏற்றி, 1987-இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டது. அதுவும், கவனியுங்கள், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பவர்களுக்கான அகராதி. ‘செட் இன்’ என்ற சொற்றொடரை எடுத்து வரிவரியாக அடுக்கிப் பார்த்தார்கள். அழுகல், சோர்வு, அவநம்பிக்கை, மோசமான வானிலை: இவைதான் ‘செட் இன்’ ஆகின்றன. மகிழ்ச்சி ஆவதில்லை. காரணமாவதைக் குறிக்கும் காஸ் என்ற சாதாரணச் சொல்லும் அப்படியே. அதற்குப் பின்னால் வருவன பெரும்பாலும் விபத்து, சாவு, பிரச்சினை, சேதம். உதவிக்கும் பராமரிப்புக்கும் ப்ரொவைட் வருகிறது. எந்த ஆங்கிலேயரைக் கேட்டாலும் காஸ் என்றால் காரணமாக இருப்பது, அவ்வளவுதான் என்பார். அவர் நாக்குக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. நம் கதையும் அதுதான். விபத்து நேர்கிறது, வாய்ப்பு வாய்க்கிறது, சேதத்தை விளைவிக்கிறோம், ஆனால் நன்மையைச் செய்கிறோம். கேலியாக “வாய்த்தது பார்” என்று சொல்லும்போதுகூட அந்தக் கேலிக்கு உப்பு, வாய்த்தது நல்லதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்துதான் வருகிறது.

நம்மிடமும் இலக்கணக்காரர் போட்டுக் கரைந்துபோன வரப்பு உண்டு. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே பொருள் என்று இன்று நினைக்கிறோம். தொல்காப்பியம் அப்படி விடவில்லை: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, சமமானவனிடம் கேட்டால் தா, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் கொடு. இன்று பேரன் தாத்தாவிடம் “கொடு” என்கிறான். தாத்தா சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். அந்தப் படிநிலை வேறு இடத்துக்கு, ‘கொடுங்க’ என்ற விகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

தமிழில் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் இரண்டாக இருப்பவை நமக்கு வேறு மாதிரித் தொல்லை. சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டுக்கும் நம் செய்தித்தாள்களில் பாதுகாப்புதான். தற்செயலான விபத்திலிருந்து காப்பது முன்னது. திருட்டு, நாசவேலை போன்ற மனிதக் கெடுமதியிலிருந்து காப்பது பின்னது. சர்வதேச அணுசக்தி முகமை இவ்விரண்டையும் தனித்தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் நம்மைப் போல ஒரே சொல் என்பதால், அந்த முகமை ஒன்றைத் தொழில்நுட்பப் பாதுகாப்பு என்றும் மற்றதை பௌதிகப் பாதுகாப்பு என்றும் அடைமொழி போட்டுப் பிரிக்கிறது. கூடங்குளம் போராட்டக் காலத்தில் மக்கள் அணுஉலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். அணுஉலைக்குப் போலீஸ் பாதுகாப்பு போட்டார்கள். ஒரே நாள் பேப்பரில் ஒரே சொல்லில் கேள்வியும் இருந்தது, பதில்போலத் தோன்றிய ஒன்றும் இருந்தது.

வரப்புக்காக நாட்டின் மிகப் பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்ற கதையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கன்சல்டேஷன், கன்கரன்ஸ். கலந்தாலோசனை, இசைவு. இந்த இரண்டையும் தமிழில்கூட யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பெண் பார்த்துவிட்டு வந்து பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்பது வேறு, அவர் சரி என்றால்தான் கல்யாணம் என்பது வேறு.

அரசியல் நிர்ணய சபையில் 1949 மே 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியைக் ‘கன்சல்ட்’ செய்து நியமிக்க வேண்டும் என்பது வரைவு. சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த பி. போக்கர் சாகிப், அது போதாது, தலைமை நீதிபதியின் ‘கன்கரன்ஸ்’ வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதி மேன்மையானவர்தான், ஆனாலும் நம் எல்லோரையும் போலக் குறைகளும் விருப்புவெறுப்புகளும் உள்ள மனிதர். குடியரசுத் தலைவருக்கோ அரசுக்கோ தராத தடையதிகாரத்தை அவருக்கு மட்டும் தருவது ஆபத்து என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. கன்சல்டேஷன் என்ற சொல்லே அரசியலமைப்பின் 124-ஆம் பிரிவில் ஏறியது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரிந்தே ஒன்றை விலக்கி ஒன்றை எடுத்தார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு வரப்பு போட முடியாது.

அதே அரசியலமைப்பில் இன்னோர் இடத்திலும் அந்தச் சொல் வருகிறது. அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 320-ஆம் பிரிவு. அங்கே போட்டிருப்பது நம் பழைய ஷல். கலந்தாலோசிக்காமலேயே தண்டித்துவிட்டார்கள் என்று ஓர் ஊழியர் வழக்காடினார். அந்த ஷல்லுக்குக் கட்டாயம் என்று பொருள் இல்லை, வழிகாட்டுதல்தான் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் மன்போதன் லால் வழக்கில் சொல்லிவிட்டது. ஊழியரின் வேலை விஷயத்தில் கலந்தாலோசனை அவ்வளவு இளகிய சொல்லாக இருந்தது. நீதிபதிகள் நியமனத்திலும், 1981 டிசம்பர் 30 அன்று, எஸ்.பி. குப்தா வழக்கில், கன்சல்டேஷன் என்றால் கன்கரன்ஸ் ஆகாது என்றுதான் தீர்ப்பு வந்தது. அகராதியும் அம்பேத்கரும் அதுவரை தோற்கவில்லை.

1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜே.எஸ். வர்மா, தனியாக எழுதி அதே பக்கம் நின்றவர்களில் தமிழ்நாட்டின் எஸ். ரத்தினவேல் பாண்டியனும் ஒருவர். நீதித்துறையின் சுதந்திரம் அரசியலமைப்பின் அடித்தளம். அதனால் நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை. அந்தக் கருத்தும் அவர் ஒருவருடையதாக இல்லாமல் மூத்த நீதிபதிகளோடு கூடி எடுத்ததாக இருக்க வேண்டும். இதன் நிகர விளைவு, கலந்தாலோசனைக்கு இசைவு என்று பொருள். 1998-இல் அந்தக் கூட்டத்தில் தலைமை நீதிபதியோடு நால்வர் என்று எண்ணிக்கையும் நிர்ணயமாயிற்று. கொலீஜியம் என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாடு இதுதான். அரசியலமைப்பில் அந்தப் பெயர் எங்கும் கிடையாது.

நெருக்கடி நிலைக் காலத்தில் நீதிபதிகளுக்கு நடந்ததை மறக்காதவர்கள் இந்தத் தீர்ப்பின் நியாயத்தை மறுக்க மாட்டார்கள். மூத்தவர்களைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதியாக்கிய அரசை 1973-லும் 1977-லும் பார்த்த நாடு இது. நானும் மறுக்கவில்லை. ஆனாலும் சொல் ஆய்வு செய்கிறவனாக ஒன்றைக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. தேர்வாணையத்தின் வாசலில் மெழுகாக இருந்த அதே சொல், நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்ததும் இரும்பாயிற்று. அந்த இடைவெளியில் ஆங்கிலம் மாறவில்லை. லண்டனில் டாக்டரைக் கன்சல்ட் செய்துவிட்டு மாத்திரை சாப்பிடாமல் இருக்கும் உரிமை இன்றும் எல்லோருக்கும் இருக்கிறது.

நாடாளுமன்றம் 99-ஆம் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லையே பிடுங்கிவிட்டு, தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தின் ‘பரிந்துரை’யின்பேரில் என்று மாற்றியது. 2015 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்த அதை, அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பழைய சொல் உயிர்பெற்றது, பழைய தீர்ப்புகள் கொடுத்த பொருளோடு. அண்மையில் மத்திய அரசு வெளியிட்டிருக்கும் ஆங்கிலப் பிரதியில் 124-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் இருப்பது செல்லாது என்று அறிவிக்கப்பட்ட திருத்தத்தின் வாசகம். கன்சல்டேஷன் பக்கத்தின் அடியில், பொடி எழுத்து அடிக்குறிப்பில், இன்ன தேதி முதல் மாற்றப்பட்டது, இன்ன தேதியில் அந்த மாற்றம் ரத்தானது என்ற குறிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. போக்கர் சாகிப் கேட்ட சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.